கடல் முள்ளெலித் தொழிலைப் பாறையில் தொடங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடல் முள்ளெலியின் மஞ்சள் சுளைக்கு ஜப்பானில் நல்ல விலை கிடைக்கிறது. அதைக் கேள்விப்பட்டு, குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் கறுப்பு முள் உருண்டைகளைப் பெயர்த்து ஏற்றுமதி செய்யலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முள்ளெலி வளர்ப்பு நடக்கக்கூடிய தொழில்தான். ஆனால் பாறையைச் சுரண்டித் தொடங்கினால் அது நிலைக்காது.

சுளை என்பது முட்டையல்ல, இனப்பெருக்க உறுப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஐந்தைந்து இருக்கும், இரண்டையும் உண்பார்கள். உணவைச் சேமித்து உப்பியிருக்கும்போது சுளை கெட்டியாக, பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். முட்டையோ விந்தோ முற்றிவிட்டால் தொட்டதும் பால்போல் கசியும். அதை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார். ஆகவே எந்த மாதத்தில் எடுப்பது என்பதில்தான் விலையே இருக்கிறது. சுளையின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண் பத்துக்கு மேல் இருந்தால் சரக்கு தேறும். பாசி குறைந்த பாறையில் எடுத்தால் ஓடுதான் கனக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

நம் பாறைகளில் அதிகம் தென்படுவது ஸ்டோமோப்நியூஸ்டஸ் வேரியோலாரிஸ் என்ற இனம். பாறைக் குழியில் உடம்பைப் பொருத்திக்கொண்டு, அலை அடிக்கும்போது முள்ளைச் சுவரில் ஊன்றி நிற்கும். கையால் இழுத்தால் வராது. கடப்பாரையால் நெம்பினால் குழியும் உடையும், பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிப்பிக் குஞ்சும் சேர்ந்து பெயரும். முங்கிச் சிப்பி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்களின் அடுத்த பருவத்துச் சோறு அது.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. முள்ளெலிகள் இணை சேர்வதில்லை. ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. விந்து சில மீட்டர் போவதற்குள் நீர்த்துவிடும். நெருக்கமாக இருந்தால்தான் கரு பிடிக்கும். பத்தில் எட்டை எடுத்துவிட்டால் மீதி இரண்டும் உயிரோடு இருக்கும், ஆனால் குஞ்சு வராது. பிலிப்பைன்ஸின் பொலினாவோவில் 1990களின் தொடக்கத்தில் முள்ளெலித் தொழில் இப்படி அளவின்றி எடுத்துத்தான் படுத்தது. பிறகு குஞ்சு பொரிப்பகம் கட்டி, குஞ்சுகளைக் கடலில் விட்டு மீட்க வேண்டியிருந்தது. நம் பக்கத்திலேயே கடல் அட்டை இருக்கிறது. தூத்துக்குடியில் 1988இலேயே வெள்ளை அட்டைக்குக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். ஆனால் கடலில் அள்ளுவது நிற்கவில்லை. 2001இல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் போனது, முங்கி எடுத்தவர்களின் பிழைப்பும் அதோடு போனது.

அதனால் முதலில் கரைத்தொட்டி. குஞ்சு பொரிக்க வைக்கும் தாய்ச் சரக்குக்கு இருபது முப்பது முள்ளெலி போதும். மழுங்கிய தட்டைக் கரண்டியால் மெல்ல நெகிழ்த்தி எடுக்க வேண்டும். பிடுங்கினால் பாறையில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய குழாய்க்கால்கள் அறுந்து சாகக்கூடும். சாக்கில் குவிக்காமல், ஈரப் பாசி போர்த்தி, காலை வெயில் ஏறுமுன் கொண்டுவர வேண்டும். சூட்டிலும் குலுக்கலிலும் ஒன்று முட்டை விட்டால் தொட்டியில் உள்ள மற்றவையும் தொடர்ந்து விட்டுவிடும்.

விந்து, முட்டை எடுக்க 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் வேண்டும். அந்தப் பொட்டாசியம் உப்பில் 37 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் அதுதான். வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோல் வழியே ஒன்றிரண்டு மில்லி ஊசியால் செலுத்த வேண்டும். வெள்ளையாக வந்தால் ஆண், மஞ்சளாக வந்தால் பெண். விந்தை நீர் கலக்காமல் குளிரில் வைத்திருந்து, சேர்க்கும் நேரத்தில் கடல்நீரில் பெருமளவு நீர்த்து, சில துளி மட்டும் முட்டையில் சேர்க்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். விந்து கூடினால் ஒரு முட்டைக்குள் பல நுழைந்து கரு கோணலாகிச் செத்துவிடும். சில நிமிடங்களில் முட்டையைச் சுற்றி வளையம்போல் உறை எழுந்தால் கரு பிடித்ததாக அர்த்தம்.

கருவிலிருந்து வந்து நீரில் மிதக்கும் இளவுயிரிகளை ஒரு மில்லிக்கு ஒன்றுக்கு மேல் விடக்கூடாது. வாய் திறந்ததும் கீட்டோசெராஸ் என்ற நுண்பாசியைக் கொடுக்கலாம். செம்புக் குழாயும் செம்பு கலந்த மருந்தும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. இளவுயிரிகளுக்கு அது நஞ்சு. மூன்று நான்கு வாரத்தில் அவை தரையிறங்கத் தயாராகும். அதற்கு முன்பே பிளாஸ்டிக் தகடுகளைக் கடல்நீரில் இரண்டு வாரம் ஊறவைத்துப் பழுப்புப் பாசி படிய விட்டிருக்க வேண்டும். வழுவழுப்பான புதுத் தகட்டில் அவை நிற்காது. இறங்கிய முதல் சில நாள்கள் வாயே இருக்காது. அதிகம் சாவதும் அப்போதுதான். அந்த வாரம் தகட்டைத் துடைப்பதும் தண்ணீரை வேகமாக ஓட்டுவதும் கூடாது.

வளர்ந்தவற்றுக்குக் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பச்சைப் பாசி எல்லாம் போடலாம். கரையொதுங்கி நாறியதைப் போடக்கூடாது. தின்றது போக மிச்சத்தை இரண்டு நாளுக்கொருமுறை அள்ள வேண்டும். முள் தொங்கினாலோ, ஓட்டில் சொட்டையாக முள் உதிர்ந்தாலோ அதை அப்போதே வெளியே எடுங்கள்; ஒன்று அழுகினால் தொட்டியே போகும்.

நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை நன்னீர். முள்ளெலியால் உடலின் உப்பைச் சமன்செய்ய முடியாது. ஆயிரத்துக்கு 33 முதல் 35 பங்கு உப்பு அதற்கு வேண்டும். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. குழித்துறைத் தாமிரபரணி சேரும் தேங்காப்பட்டணம், பழையாறு சேரும் மணக்குடி ஆகிய முகத்துவாரங்களின் அருகே நீரேற்றும் குழாயைப் போட்டால் ஒரே வெள்ளத்தில் எல்லாம் சாகும். மழைக் காலத்தில் தினமும் நீரின் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் நீரேற்ற வேண்டும். சேமிப்புத் தொட்டியில் மூன்று நாளைக்கான நல்ல நீர் எப்போதும் இருக்க வேண்டும். ஆடிக் கடலின் அலைக்குக் கூண்டும் தாங்காது என்பதால் கரைத்தொட்டியைவிட்டால் நமக்கு வழியில்லை.

மீன்வளத் துறை ஒரு காரியம் செய்ய வேண்டும். முட்டம் முதல் சின்னமுட்டம் வரை ஒரு சதுர மீட்டர் சட்டகம் வைத்து, மழைக்கு முன்னும் பின்னும் முள்ளெலிகளை எண்ணுங்கள். மாதம் இருபது முள்ளெலி வீதம் ஓராண்டு உடைத்துச் சுளை எடையைக் குறித்துவையுங்கள். சிப்பி எடுப்பவர்களையே கூலி கொடுத்து இதில் சேர்க்கலாம்; எந்தப் பாறையில் எது இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை விற்பதற்காகப் பாறையில் ஒரு முள்ளெலியையும் எடுக்க அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.