விடுமுறைக்குத் தூத்துக்குடி போகலாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைச் சுற்றுலா என்று நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். வழக்கம்போல ஊட்டி, கொடைக்கானல், மூணாறு. முதல் இரண்டுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. சீசனில் அறை வாடகையைக் கேட்டாலே மயக்கம் வரும். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தப் பக்கங்கள் எதற்கு?

திருநெல்வேலியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் தூத்துக்குடி இருக்கிறது. 1986 வரை நம்ம ஜில்லாதான். ஆனாலும் துறைமுகம், உப்பு, சொந்தக்காரர் கல்யாணம் என்பதைத் தாண்டி, இரண்டு ராத்திரி தங்கிப் பார்க்கிற ஊராக அதை யாரும் நினைப்பதில்லை. நம் ஆட்களின் கடற்கரைச் சுற்றுலா என்றால் வேன் பிடித்துத் திருச்செந்தூர், போகிற போக்கில் மணப்பாடு, ராத்திரியே வீடு. செலவு ஏறுவது அங்கேதான். வேன் வாடகை, டிரைவர் பேட்டா, வழியெல்லாம் ஓட்டல் சாப்பாடு. பிள்ளைகள் பாதி நேரம் வேனிலேயே தூங்கிவிடும்.

பஸ்ஸில் தூத்துக்குடி போய் அங்கேயே ஓர் அறை எடுத்துவிட்டால் கணக்கே மாறிவிடும். ஊருக்குள் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது. திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். காலையில் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, குலசை (குலசேகரன்பட்டினம்) வழியாக மணப்பாட்டுக்கும் பஸ்ஸிலேயே போய்வரலாம். மணல் குன்றின் மேல் சிலுவைக் கோவில், கீழே கடல். ஒரு பைசா செலவில்லை. திரும்பும்போது ஊருக்கு நேரே வராமல் திருச்செந்தூரிலிருந்து நெல்லை பாசஞ்சரில் ஏறினால், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று வாழைத்தோட்டமும் வயலுமாக வருகிற பாதை. பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா.

எப்போது போவது என்பதில்தான் யோசனை வேண்டும். மீன் சாப்பிடும் ஆசையில் மே மாதம் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். நாட்டுப்படகில் வருகிற மீன்தான், சீலா மீன் விலையைக் கேட்டுவிட்டுச் சாம்பார் சாதத்துக்கே திரும்பிவிடுவீர்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. கூட்டம் பிடிக்கும் என்றால் போகலாம், சும்மா இருக்க நினைப்பவர்களுக்கு ஆகாது. ஐப்பசி பிறந்துவிட்டால் மழை. என்னைக் கேட்டால் காலாண்டு விடுமுறைதான் சரி. தசரா அப்போது வந்தால் குலசை ரோட்டை மட்டும் விட்டுவிடுங்கள், வேடம் கட்டியவர்கள் கூட்டத்தில் பஸ் நகராது.

மழைக்கு முன்னால் போவதில் இன்னொரு லாபம், உப்பளம். வெயில் ஏறுமுன் போகவேண்டும். பாத்தியில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் கூட்டுவார்கள். தண்ணீரோடு வரும்போது சாம்பல் நிறமாகத் தெரிவது, வடிய வடிய வெள்ளையாகும். வீட்டில் உப்பை இறைத்து விளையாடும் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கட்டும். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், அவர்களுக்கு அது வேலை நேரம்.

சாயங்காலம் கடற்கரை, ராத்திரி புரோட்டா. தூத்துக்குடிப் பலகாரமான மக்ரூனை மட்டும் ஊருக்குக் கிளம்பும் அன்று வாங்குங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும்தானே, கடல்காற்றில் திறந்து வைத்தால் ஒரே ராத்திரியில் பிசுபிசுத்துப் போகும். மூடி இறுகிய டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. கடற்கரைகளில் பெண்கள் நம்பிப் போகிற மாதிரி கழிப்பறையும், நனைந்த துணி மாற்ற ஒரு மறைவிடமும் வேண்டும். இதை உங்கள் பத்திரிகை எழுதினால் அதிகாரிகள் காதில் விழும். அடுத்த சுற்றுலாப் பக்கத்தில் ஒரு படத்தைக் குறைத்துக்கொண்டு, மணப்பாட்டிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு, திருச்செந்தூர் பாசஞ்சர் எத்தனை மணிக்கு என்று போடுங்கள். அதைத்தான் வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டி வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை