சுண்ணாம்புத் தூளைக் கையில் கொடுத்தவருக்கு

வீடிழந்து நாங்கள் தங்கியிருக்கும் முகாமில் இரவில் கழிப்பறைக்குப் போகப் பெண்கள் எவ்வளவு பயந்தோம் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை நீட்டிச் சொல்லப் போவதில்லை. நேற்று இரவு பெண்கள் பயமில்லாமல் புதுக் கழிப்பறைக்குப் போய்வந்தார்கள். அந்த நிம்மதியோடேயே இதை எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி அந்த இளம் இன்ஜினியருக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். முன்பு கட்டியிருந்த கழிப்பறைகளில் கணக்குப்படி ஒரு குறையும் கிடையாது. பேரிடர் உதவியில் பல நாடுகளிலும் பின்பற்றும் ஸ்பியர் கையேடு 20 பேருக்கு ஒரு கழிப்பறை, இருப்பிடத்திலிருந்து 50 மீட்டருக்குள் என்கிறது, இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனால் இருட்டினால் ஒரு பெண்ணும் அந்தப் பக்கம் போகமாட்டாள், சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தோம். பார்வையிட வந்தவர்கள் பகலில் வந்தார்கள், எண்ணினார்கள், போனார்கள். இவர் இரவில் வந்தார். டார்ச்சை அணைத்துவிட்டு, "நீங்க முன்னால நடங்கக்கா, நான் பின்னால வர்றேன்" என்றார்.

மறுநாள் வரைபடத்தோடு வருவார் என்று பார்த்தால், ஒரு வாளி சுண்ணாம்புத் தூளோடு வந்தார். அதை எங்களில் மூத்த பாட்டி கையில் கொடுத்து, "எங்க வேணும்னு நீங்களே கோடு போடுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். பாட்டி சிரித்தார், அப்புறம் ஆண்கள் கூடும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டாமல் போகிற மாதிரி ஓர் இடத்தில் கோடு போட்டார். நாற்றம் வரும் என்று கடைசிக் கூடாரத்துப் பெண் அதை அழித்தாள், சண்டை வந்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து மறுபடி போட்டோம். ஓரிடத்தில் மட்டும் அவர் மறுத்தார். கிணற்றிலிருந்து குழி 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீர் கெடும் என்று காரணத்தோடு சொன்னார், நாங்களும் கோட்டை நகர்த்தினோம். தாழ்ப்பாள் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில், கதவு பாதையைப் பார்க்காமல், மாதவிலக்குத் துணியை உள்ளேயே அலசிக்கொள்ள வசதி, அப்புறம் துணி மாட்ட ஓர் ஆணி. அந்த ஆணியெல்லாம் ஈரத் தரையில் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குத்தான் தோன்றும்.

முன்பும் எங்களிடம் கேட்காமல் இல்லை. படிவத்தில் டிக் போட்டு வாங்கிப் போனார்கள். அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்து, கருத்துக் கேட்பதை நான்காவது படியில் வைத்தார். முடிவு நம் கைக்கு வருவது அதற்கும் மேலே. டிக் போட்ட அன்று இது தெரிந்திருந்தால் பேனாவைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்! எங்கே, எப்படிக் கட்டுவது என்று பயன்படுத்துகிறவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம் கேட்கச் சொல்லி அதே ஸ்பியர் கையேட்டிலும் இருக்கிறது, எண்களை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள் போல.

கூட்டம் முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாணவர்கள், குழி வெட்டியவர்கள், விளக்கு மாட்டியவர்கள், கூலி வேண்டாம் என்ற கொத்தனார் அண்ணன், எங்களுக்காக அலுவலகத்துக்கு அலைந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து நிரந்தர வீடுகளுக்கான கூட்டம். அச்சடித்த வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடமாட்டோம் என்று பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டோம். கோடு போட்ட பாட்டிதான் எங்கள் பக்கம் முதலில் பேசப்போகிறார்.