பழைய மைக்ராவை இழுக்காதீர்கள்: இதயவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு, வணக்கம்.

மைக்ரா என்பது இதயத்துக்குள்ளேயே பொருத்தும், வயர் இல்லாத (லீட்லெஸ்) குப்பி வடிவ பேஸ்மேக்கர். முதல் மைக்ரா 2013 டிசம்பரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பொருத்தப்பட்டது. அதன் பேட்டரிக்குப் போட்ட கணக்கு சுமார் 12 ஆண்டு. எழுபத்தைந்தில் பொருத்திக்கொண்டவர் எண்பத்தேழில் மறுபடியும் கேத் லேப் (இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறை) மேசைக்கு வருவார்.

பழைய மைக்ராவை வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். 26 மி.மீ. நீளமுள்ள அந்தக் குப்பியை ஆண்டுக்கணக்கில் நார்த்திசு மூடியிருக்கும். ஸ்னேர் என்ற சுருக்குக் கம்பி போட்டு இழுத்தால் நான்கு நிட்டினால் உலோகக் கொக்கிகளோடு அவை பற்றியிருக்கும் இதயச் சுவரும், மூவிதழ் வால்வின் நாண்களும் கிழியலாம். அதை உள்ளேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதை வைக்க வலக் கீழறையில் இடமுண்டு. (அவெய்ர் என்ற லீட்லெஸ் பேஸ்மேக்கர் வேறு வகை, திருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைத்தது.)

புதியதை நுனிப்பகுதியில் வைக்க வேண்டாம், அங்கே சுவர் மெலிசு. இடைச்சுவரில், பழையதைத் தொடாமல் வையுங்கள். இரண்டும் உரசினால் எழும் இரைச்சலை இதயத்துடிப்பென்று எண்ணிக் கருவி துடிப்புக் கொடுக்காமல் நின்றுவிடும். ஒரு கோணத்தில் விலகித் தெரிவது மறுகோணத்தில் ஒட்டியிருக்கும். வலச்சாய்வு, இடச்சாய்வு எக்ஸ்ரே கோணங்கள் இரண்டிலும் பாருங்கள். மெல்ல இழுத்துப் பார்க்கும்போது இரண்டு கொக்கிகளாவது வளைய வேண்டும். த்ரெஷோல்ட் (இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம்) 0.24 மில்லிசெகண்டில் 1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கருவியைப் பிடித்திருக்கும் கயிற்றை அறுத்து உருவிய பின்னும் ஒருமுறை அளந்துவிட்டே பழையதை அணையுங்கள். அதுவரை அது குறைந்த வேகத்தில் காவலுக்கு இருக்கட்டும். அதற்குப் பதிலாகப் போடும் தற்காலிக பேஸ்மேக்கர் வயரும் முதியவர் இதயத்தைத் துளைக்கக்கூடியதுதான்.

எங்களுக்குப் பெரிய கவலை ஓட்டை விழுவது. லீட்லெஸ் கருவியால் சுவர் துளைபட்டால் டாம்பனேடும் (இதய உறையில் ரத்தம் தேங்கி இதயத்தை நெரிப்பது) மரணமும் நேரும் வாய்ப்பு வழக்கமான பேஸ்மேக்கரைவிட அதிகம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 நவம்பரில் மருத்துவர்களுக்கு எழுதியது. 85 வயதைத் தாண்டிய, மெலிந்த உடல்வாகுள்ள பெண்களிடம் இன்னும் கவனம் வேண்டும். பி.பி. இறங்கி, எக்ஸ்ரே திரையில் இதய விளிம்பு அசையாமல் நின்றால் அந்த நொடியே எக்கோ பாருங்கள். எக்கோ கருவி அறைக்குள்ளேயே இருப்பதையும், இதய உறையில் நீரெடுக்கும் செட், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெபாரினை முறிக்கும் புரோட்டமின், பொருத்தம் பார்த்த ரத்தம் ஆகியவை தயாராக இருப்பதையும், இதய அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே தகவல் போயிருப்பதையும் எழுத்துபூர்வ விதியாக்குங்கள். இவை இல்லாத நாளில் கேஸைத் தள்ளி வையுங்கள்.

தொடையில் போகும் ஷீத் குழாயின் வெளிவிட்டம் 9 மி.மீ. அல்ட்ராசவுண்டில் பார்த்தே சிரையைக் குத்துங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு கருவிகளின் மாடலையும், எது எந்தத் தேதியில் அணைக்கப்பட்டது என்பதையும் எழுதிக் கொடுங்கள். நாளை வேறு ஊர் அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு இரண்டு குப்பிகள் தெரியும். எது உயிரோடு இருக்கிறது என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும்.

இப்படிக்கு,
கேத் லேப் தொழில்நுட்பர்கள் சிலர்