புதுக்கோட்டையில் ஒரு நாள் தங்கலாமே

ஐயா,

தஞ்சைக்கும் செட்டிநாட்டுக்கும் செல்லும் வழியில் சித்தன்னவாசலில் அரை மணி நேரம் இறங்கி, தாமரைக் குளத்தையும் மீன்களையும் பூப்பறிக்கும் மாந்தரையும் காட்டும் சமண ஓவியங்களைப் பார்த்தவுடன் வண்டி ஏறிவிடும் பயணிகளைக் காணும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது. அதே குன்றின் மறுபுறம், பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் பெயர்பெற்ற ஏழடிப்பட்டத்தில், துறவியர் படுத்த வழவழப்பான கற்படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருப்பதைப் பலர் அறிவதேயில்லை. வெயில் ஏறுமுன் அங்கே சென்றுவிடுவது நல்லது.

நார்த்தாமலையில் பாறைச் சரிவில் ஏறி, வட்ட வடிவக் கருவறை கொண்ட விசயாலய சோழீச்சரத்தின் முன் மாலையில் அமர்ந்திருப்பது, என் அனுபவத்தில், இம்மாவட்டம் தரும் மிகப் பெரிய இன்பம். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டும், திருமயத்தில் கோட்டையும், நகருக்குள் திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகமும் உள்ளன.

இவற்றுள் பலவற்றுக்கு நகரப் பேருந்துக்காக நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது. ஆகவே, சனி, ஞாயிறு நாட்களில் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் புறப்பட்டு இவ்விடங்களைச் சுற்றி மாலையில் திரும்பும் ஒரு பேருந்தை இயக்குமாறும், ஏழடிப்பட்டத்துக்கு ஏறும் வழியில் குடிநீர் வைக்குமாறும் உரிய துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுக்கோட்டை.