அயல்நாட்டுத் தத்தெடுப்பும் வீட்டாய்வு அறிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் தத்தெடுப்பு விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கப்படும்போது நாளிதழ்களில் வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியலைப் பற்றியே அமைகின்றன. விண்ணப்பிப்போர் அதிகம், சட்டப்படி தத்துக்கு உரியவராக அறிவிக்கப்படும் குழந்தைகள் குறைவு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அந்தக் காத்திருப்பு தொடங்கும் முன்பே எழுதப்படுகிற, குழந்தை எந்த வீட்டுக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிற வீட்டாய்வு அறிக்கையைப் பற்றி, அதாவது விண்ணப்பிக்கும் குடும்பத்தைச் சமூகப் பணியாளர் நேரில் ஆராய்ந்து எழுதும் அறிக்கையைப் பற்றி, எங்கும் பேச்சில்லை. தமிழ்நாட்டில் தத்தெடுப்புத் துறையில் நெடுங்காலம் சமூகப் பணியாளராக இருந்து, அயல்நாடுகளிலிருந்து வந்த அறிக்கைகளைப் படித்துப் பார்க்கும் பொறுப்பையும் வகித்த எனக்கு, இது குறித்துத் தங்கள் வாசகர்களுக்கு, குறிப்பாக வெளிநாடுகளில் வாழ்ந்துகொண்டு இங்கிருந்து குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு, சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

1982ஆம் ஆண்டு லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர், இந்தியக் குழந்தைகள் அயல்நாட்டவருக்குத் தத்து கொடுக்கப்படுவதில் நடக்கும் முறைகேடுகள் குறித்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி வழங்கிய தீர்ப்பில்தான், அயல்நாட்டு விண்ணப்பம் எதுவாயினும் அந்நாட்டு அரசு அங்கீகரித்த குழந்தைநல அமைப்பு ஒன்றின் வழியாகவே வர வேண்டும், அதனுடன் அக்குடும்பத்தை நேரில் ஆராய்ந்த அறிக்கையும் இருக்க வேண்டும் என்ற விதி உறுதியாயிற்று. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு குறித்த 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவும் அதையே விரிவாகச் சொல்கிறது. விண்ணப்பிப்பவர் யார், அவருடைய குடும்பப் பின்னணியும் உடல்நலமும் சமூகச் சூழலும் எத்தகையவை, எதற்காகத் தத்தெடுக்க விரும்புகிறார், வேறு நாட்டுக் குழந்தையை வளர்க்கும் ஆற்றல் அவருக்கு உண்டா, எத்தகைய குழந்தைகளை அவரால் பேண முடியும் என்பவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். இந்தியா 2003ஆம் ஆண்டு இந்த உடன்படிக்கையை ஏற்றது. இன்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் நடைமுறையில் உள்ளன. வெளிநாட்டில் வாழும் இந்தியர் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட தத்தெடுப்பு முகமை வழியாகவோ தத்தெடுப்புக்குப் பொறுப்பான அந்நாட்டின் மைய அதிகார அமைப்பு வழியாகவோ, இரண்டும் இல்லாத நாட்டில் இந்தியத் தூதரகம் வழியாகவோ காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அவருடைய வீட்டாய்வு அறிக்கையும் அங்கேயே பதிவேறும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், குடும்பங்கள் இந்த ஆய்வுக்கு ஆயத்தமாகும் விதம் எனக்கு எப்போதும் கவலையளித்தே வந்திருக்கிறது. பெண் பார்க்க வருபவர்களுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவதைப் போல, சமூகப் பணியாளர் வரும் நாளுக்காகச் சுவருக்கு வண்ணம் அடிப்பதும், குழந்தைக்கென ஓர் அறையைப் பொம்மைகளால் நிரப்புவதும், கணவனும் மனைவியும் ஒரே விடையைச் சொல்வதற்காக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நடக்கின்றன. அதன் விளைவாக, நான் படித்த பல அறிக்கைகளில் படுக்கையறைகள் எத்தனை, தோட்டம் எவ்வளவு பெரியது, அருகிலுள்ள பள்ளி எத்தகைய தரமுடையது என்பவை விரிவாக இருந்தன. இரவில் குழந்தை அழுதால் யார் எழுந்து போவார், இருவரும் வேலைக்குச் செல்பவர்கள் என்றால் முதல் ஆறு மாதம் யார் வீட்டில் இருப்பார் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. தம்பதியரின் விடைகள் சற்றே வேறுபட்டிருந்தால் அது குறையன்று. குழந்தை பிறக்காத துயரத்தை மனைவி ஒரு விதமாகவும் கணவர் வேறு விதமாகவும் சுமந்திருப்பார்கள். அதை இருவரும் தனித்தனியே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள் என்று அறிக்கையில் படிக்கும்போதுதான், இங்கே காப்பகத்தில் இருக்கும் பணியாளருக்கு அந்த வீட்டின் மேல் நம்பிக்கை பிறக்கிறது.

மறைப்பதில் இன்னொரு வகை உண்டு. அமெரிக்காவில் வாழும் தமிழர் ஒருவர் சென்னையில் படித்து, சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பிறகு இரண்டு மாநிலங்களில் குடியிருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 18 வயதுக்குப் பின் அவர் வாழ்ந்த இடங்களிலெல்லாம், கிடைக்கும் வசதிக்கேற்ப, குழந்தைத் துன்புறுத்தல் பதிவேடுகளில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப்படும். குற்றப் பதிவுகளும் சரிபார்க்கப்படும். அந்த வீட்டில் வசிக்கும் மற்ற பெரியவர்களுக்கும் இது பொருந்தும். இளமையில் மது அருந்தி வாகனம் ஓட்டியதற்காக ஒரு முறை கைதாகி வழக்கு முடிந்துபோயிருந்தாலும், பதிவிலிருந்தே அது நீக்கப்பட்டிருந்தாலும், சொல்லியாக வேண்டும் என்பதே அமெரிக்கக் குடிவரவு விதி. மனச்சோர்வுக்காக மருந்து எடுத்துக்கொண்டது, முன்பு வேறு முகமையிடம் விண்ணப்பித்து மறுக்கப்பட்டது ஆகியவையும் அப்படியே. பழைய கைது ஒன்றினாலேயே விண்ணப்பம் தள்ளப்பட வேண்டும் என்பதில்லை. அதை மறைத்தது பிறகு வெளிப்பட்டால் தள்ளப்படும். ஆண்டில் பாதி நாள் ஊரிலிருந்து வந்து தங்கும் தாய் தந்தையரைப் பற்றியும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர்களுக்கும் குழந்தைக்கும் இடையே உருவாகப் போகும் உறவு அறிக்கையில் இடம்பெற வேண்டிய ஒன்று. பேரக் குழந்தை தத்துப் பிள்ளை என்பதைத் தாத்தா பாட்டி மனதார ஏற்கிறார்களா என்ற கேள்வியை, அவர்களிடம் கேட்காமலே ‘ஏற்பார்கள்’ என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களை நான் அறிவேன்.

அடுத்ததாக, எத்தகைய குழந்தையை வளர்க்க இயலும் என்ற பகுதி. வீட்டாய்வின் உயிர்நாடி இதுவே என்பது என் உறுதியான கருத்து. கைக்குழந்தை, அதுவும் நோய்நொடி இல்லாத கைக்குழந்தை என்றே பெரும்பாலோர் மனத்தில் வரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கத் தம்பதியரின் கூட்டு வயது 85க்கு மேற்படக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு 90, நான்கு முதல் எட்டு வரை 100 என்பது வரம்பு. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதியர், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கோ எளிதில் பெற்றோர் அமையாத குழந்தைகளுக்கோ மட்டுமே விண்ணப்பிக்க முடியும். அயல்நாட்டுத் தத்தெடுப்பில் உடல் அல்லது மனக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும், உடன்பிறந்தவர்களாகச் சேர்ந்து செல்ல வேண்டியவர்களுக்கும், ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கும் முன்னுரிமை தரலாம் என்று சட்டமே கூறுகிறது. ஆக, வெளிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு வரப்போகும் குழந்தை ஆறு வயதில், தன் பெயரையும் தன் ஊரையும், சில நேரம் தன்னைப் பெற்றவளையும் நினைவில் வைத்திருக்கும் குழந்தையாக இருக்கும். பிளவுபட்ட உதட்டுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் குழந்தையாகவோ, இதயத்தில் துளையுள்ள குழந்தையாகவோ, செவித்திறன் குறைந்த குழந்தையாகவோ இருக்கலாம். குழந்தையின் விவரம் அனுப்பப்பட்ட பின் விருப்பத்தைத் தெரிவிக்க அயல்நாட்டு விண்ணப்பதாரருக்கு 96 மணி நேரமே உண்டு. தலசீமியா என்றால் என்ன, மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமா, நம் மருத்துவக் காப்பீடு அதை ஏற்குமா என்று அந்த நான்கு நாட்களில் தேடத் தொடங்குவது அக்குழந்தைக்குச் செய்யும் அநீதி. வீட்டாய்வு நடக்கும் மாதங்களிலேயே குழந்தை மருத்துவர் ஒருவருடன் அமர்ந்து, எந்தெந்த நிலைகளைத் தம்மால் ஏற்க முடியும், எவற்றை முடியாது என்று பேசி முடிவெடுத்து, முடியாதவற்றைத் தயக்கமின்றி எழுதச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஒப்புக்கொண்டு, பிறகு குழந்தையை ஏற்க மறுப்பவர்களைவிட, தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்பவர்கள் நூறு மடங்கு மேலானவர்கள்.

2017ஆம் ஆண்டு, இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட மூன்று வயதுக் குழந்தை ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ப்புப் பெற்றோரின் வீட்டில் உயிரிழந்தது. வளர்ப்புத் தந்தைக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பெற்றோரும் இந்திய வம்சாவளியினரே. நம்மவர் வீடு, நம்முடைய உணவு, கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகும் குடும்பம் என்ற எண்ணம் மட்டுமே ஒரு குழந்தையின் பாதுகாப்புக்குப் போதாது என்பதை இத்துறையில் உள்ள அனைவரும் அதன் பிறகு நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உணவு உண்ண அடம்பிடிப்பது, உணவைப் பதுக்கி வைப்பது, இரவில் உறங்காதிருப்பது, தொட்டாலே விலகுவது ஆகியவை காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகளிடம் இயல்பாகக் காணப்படுபவை. அமெரிக்க விதிகள் ஹேக் முறையில் தத்தெடுப்போருக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பத்து மணி நேரம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அதையும் நள்ளிரவில் கணினியில் ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தைக்கும் ஆயத்தம் வேண்டும். அயல்நாட்டுக் குடும்பங்கள் சில தங்கள் வீடு, வாசல், சமையலறை, நாய்க்குட்டி, தாத்தா பாட்டி எல்லோருடைய படங்களையும் ஒரு சிறு தொகுப்பாக்கி அனுப்புவதுண்டு. காப்பகத்தில் ஒரு சிறுமி அத்தகைய தொகுப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, படுக்கையறைப் படத்தைக் காட்டி, இந்த அறையில் என்னோடு யார் படுப்பார் என்று என்னிடம் கேட்டாள். பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் உறங்கிப் பழகியவளுக்குத் தனியறை என்பது அச்சமாகவே இருந்தது. அக்கேள்வியை அந்தக் குடும்பத்துக்கு எழுதினோம். அவர்கள் தங்கள் அறையிலேயே அவளுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். வீட்டாய்வு செய்யும் பணியாளர்கள் இப்படிப்பட்ட தொகுப்பைக் கேட்டு வாங்கி, அதன் குறிப்புகளைக் குழந்தை பேசும் மொழியிலேயே எழுதச் செய்ய வேண்டும். தமிழ் பேசும் குழந்தைக்குத் தமிழ் பேசும் வீடு கிடைப்பது பெரும்பேறு. ஆனால் வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் வீட்டுப் பேச்சு ஆங்கிலமாகிவிட்ட நிலையில், அதையும் உள்ளபடியே அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

உறவினர் குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்காள் மகனையோ தம்பி மகளையோ ஊருக்கு வந்து சடங்கு செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துகொண்டால், விமானம் ஏற்றி அழைத்துச் சென்றுவிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி அது செல்லும் என்றாலும், அக்குழந்தை வெளிநாடு செல்ல மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பும் காராவின் ஒப்புதலும் வேண்டும் என்று 2021 முதல் விதி வகுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் வாழும் குடிமக்களுக்கோ, 2008 ஏப்ரல் முதல், வீட்டாய்வும் குடிவரவுத் துறை ஒப்புதலும் முடிந்த பிறகே தத்தெடுப்பு என்பதே வரிசை. வரிசை மாறினால் பத்திரம் கையிலும் குழந்தை இங்கும் பெற்றோர் அங்கும் என்று ஆண்டுகள் கழிகின்றன.

வளர்ந்த பிள்ளை தன்னைப் பெற்றவரைத் தேடும் வேர் தேடல் குறித்தும் ஆய்வில் பேசப்பட வேண்டும். 1990களின் இறுதியில் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், போலி ஆவணங்களோடு அயல்நாடுகளுக்குத் தத்து கொடுக்கப்பட்ட கொடுமை 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்குழந்தைகளை ஏற்ற பெற்றோர் முறைப்படி ஆய்வுக்கு உட்பட்டவர்கள், தவறு இந்தப் பக்கம் நடந்தது. இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து நெதர்லாந்துக்குச் சென்ற குழந்தைகள் குறித்து அந்நாட்டு அரசு அமைத்த குழு 2021 பிப்ரவரியில் அளித்த அறிக்கையும் பரவலான முறைகேடுகளை உறுதிப்படுத்தியது. அந்நாடு உடனே அயல்நாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது. வளர்ந்த பின் தன்னைப் பெற்றவரைத் தேட விரும்பினால் தடுப்பீர்களா, துணை நிற்பீர்களா, தத்துப்பிள்ளை என்பதை எந்த வயதில் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு வீட்டாய்விலும் கேட்கப்பட வேண்டும். சொல்லவே மாட்டோம் என்பவர்களுக்கு இசைவான அறிக்கை தரக் கூடாது என்பது என் கருத்து.

அரசிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. குழந்தையைப் பற்றி இங்கே தயாரிக்கப்படும் ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் பல நேரங்களில் ஒன்றிரண்டு பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. தத்தெடுக்கும் வீட்டைப் பற்றி இருபது பக்கம் கேட்கும் நாம், குழந்தை எதை விரும்பி உண்ணும், யாருடைய மடியில் உறங்கும், எதற்கு அஞ்சும் என்பதையும் எழுதி அனுப்பக் கடமைப்பட்டவர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் குழந்தைகளைப் பேணித் தத்து கொடுக்கும் சிறப்புத் தத்துவள மையங்களிலும் அதற்கென நேரமும் ஆட்களும் ஒதுக்கப்பட வேண்டும். குழந்தை சென்ற பின் இரண்டு ஆண்டுகளுக்கு, முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வர வேண்டிய தொடர் அறிக்கைகளை, வந்து சேர்ந்தன என்று குறித்துக் கோப்பில் வைப்பதோடு நில்லாமல், முதலில் எழுதப்பட்ட வீட்டாய்வு அறிக்கையோடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை யாரேனும் ஒரு பயிற்சி பெற்ற அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர்,
மதுரை.