நஷ்டம் வேறு, பாக்கி வேறு

சென்னை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. படிக்கட்டு வரை பிதுங்குகிற 29சி மாநகர பஸ்ஸே நஷ்டம் என்றால் எந்த பஸ்தான் லாபம் என்று கேட்டிருக்கிறாய். லாபப் பேச்சை விடு. தமிழ்நாட்டு அரசு பஸ்களில் 2011 நவம்பரில் ஏறிய கட்டணம் அடுத்து ஏறியது 2018 ஜனவரியில். இடையில் 2013-இல் மொத்தக் கொள்முதல் டீசலுக்கு மட்டும் கூடுதலான தனி விலை வந்து, அரசு பஸ்கள் டிப்போ பம்பை விட்டுவிட்டு வெளி பங்க்கில் வரிசையில் நின்றன. இப்படி வரவுக்கும் செலவுக்கும் நடுவே வரும் பள்ளம் அரசு தெரிந்தே எடுத்த முடிவு. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் அப்படித்தான். அதற்கான தொகையை அரசு ஈடுசெய்கிறது. அதை நஷ்டக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டைதான்.

கோளாறு, பள்ளத்தை எதைப் போட்டு மூடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஈட்டுத்தொகை தாமதமானாலும் டீசலுக்கு இன்றே பணம் வேண்டும். கையில் இருப்பது தொழிலாளர் சம்பளத்தில் பிடித்து இன்னும் உரிய இடத்தில் கட்டாத பி.எஃப்., எல்.ஐ.சி. பிரீமியம், கூட்டுறவுச் சங்கத் தவணை. அதை எடுத்து ஓட்டினால் அன்றைக்கு வண்டி ஓடும். ஆனால் பி.எஃப். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, அதற்கு மேல் தண்டத்தொகை. ஒரு கோடியை ஒரு வருஷம் நிறுத்தினால் வட்டி மட்டும் 12 லட்சம். வங்கியில் கேட்டிருந்தால்கூட இதைவிட மலிவாகக் கிடைத்திருக்கும். 2018 ஜனவரி 4-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் சம்பளத்துக்காக மட்டும் நடந்ததில்லை. ஓய்வுபெற்றவர்களுக்குச் சேரவேண்டிய பாக்கியும் கோரிக்கையில் இருந்தது. கடைசியில் அரசு 750 கோடி ஒதுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு ஓட்டை, விபத்து இழப்பீடு. மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவு அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குத் தரலாம் என்கிறது. ஆனால் இழப்பீட்டுக்குத் தனி நிதி வைத்திருக்க வேண்டும். நிதியில் பணம் இல்லையென்றால் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தோம் என்று சொல்ல முடியாது. 20 லட்சத் தீர்ப்பை 7.5 சதவீத வட்டியோடு நாலு வருஷம் இழுத்தால் 26 லட்சம். பிறகு கோர்ட் அமீனா வந்து பஸ் ஸ்டாண்டிலேயே வண்டியை ஜப்தி செய்வார். ஜப்தியான வண்டிக்குக் கலெக்‌ஷன் ஏது?

மூன்றாவது, உதிரிபாகம். பணமுடை வந்தால் முதலில் வெட்டப்படுவது ஸ்டோர்ஸ். டயரோ கிளட்ச் பிளேட்டோ இல்லாமல் 200 கிலோமீட்டர் ஷெட்யூல் (ஒரு வண்டியின் ஒரு நாள் ஓட்டம்) ஒன்று நின்றால் என்ன மிச்சம்? லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர் என்றால் 44 லிட்டர் டீசல், சுமார் நாலாயிரம் ரூபாய். டிரைவர், கண்டக்டர், டெக்னீஷியன் சம்பளத்தில் ஒரு காசு குறையாது, அன்றைய கலெக்‌ஷன் மொத்தமும் போகும். அடுத்த நாள் பக்கத்து வண்டியிலிருந்து பாகத்தைக் கழற்றி இதில் மாட்டுவார்கள். அப்புறம் அந்த வண்டி நிற்கும். ஓடிய தூரம் குறையக் குறைய, மாறாத சம்பளச் செலவு மிச்சக் கிலோமீட்டர்களின் தலையில் ஏறும். நீ எழுதிய 59 ரூபாய் 15 காசை, தமிழ்நாடு அரசின் 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கையின் கிலோமீட்டர் நஷ்டத்தை, இதை மனதில் வைத்துப் படி.

ஆண்டறிக்கை கிடைத்தால் லாப நஷ்டப் பக்கத்தைத் தாண்டி, நடப்புப் பொறுப்புகள் அட்டவணைக்கு, அதாவது சீக்கிரம் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பாக்கிகளின் பட்டியலுக்குப் போ. பி.எஃப்., பணிக்கொடை, சங்கத் தவணை, இழப்பீடு நாலையும் இரண்டு வருஷத்துக்கு அருகருகே எழுது. நஷ்டம் குறைந்து இந்த நாலும் ஏறியிருந்தால் செலவு குறையவில்லை, தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. அரசு பட்ஜெட்டில் முதலில் போட்ட மதிப்பீட்டை மட்டும் பார்க்காதே, பின்னால் திருத்திய மதிப்பீட்டையும் பக்கத்தில் வை.

வியாசர்பாடி டிப்போவிலிருந்து 2025 ஜூன் 30 முதல் ஓடும் மின்சார பஸ்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஒப்பந்தக்காரருக்குப் பணம். அவரை பி.எஃப். போலக் காத்திருக்க வைக்க முடியாது. மற்ற பாக்கிகளில் எது பின்னுக்குப் போகிறது என்று இனி அங்கேதான் பார்க்க வேண்டும். ஒப்பந்த நகல் கையில் இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
மணி