பாத்திரத்தின் அடியையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பத்திரிகையின் வீட்டுப் பக்கத்தில், பழைய சாமான்களில் கள்ளிச் செடியும், தடித்த இலையிலும் தண்டிலும் தண்ணீர் சேர்த்து வைக்கும் சக்குலன்ட் செடியும் வைத்திருந்த படங்களைப் பார்த்தேன். டீ கப், பூட்டு உடைந்த சூட்கேஸ், மில்லுக்குப் போட்டுப் போன கம்பூட்ஸ், எல்லாவற்றிலும் செடி. எனக்கும் இதில் ரொம்ப ஆசை, எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து பார்த்தால் தெரியும். ஆனால் பக்கம் முழுக்க பாத்திரத்தைப் பற்றியே எழுதியிருந்தீர்கள், அதற்குள் உயிரோடு இருக்க வேண்டிய செடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஓட்டை. எங்கள் ஆயா காலத்து எனாமல் குவளை ஒன்று, வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, அதில் ஓட்டை போட மனசே வரவில்லை. சரி, அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கூழாங்கல் போட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்று நம்பி ஜேட் செடியின் ஒரு கிளையை நட்டேன். இரண்டு மாதம் நன்றாகத் துளிர்த்தது. டிசம்பரில் நாலைந்து நாள் விடாமல் மழை, அப்புறம் ஒரு காலையில் தண்டைத் தொட்டேன், அப்படியே கையோடு வந்துவிட்டது, உள்ளே பழுப்பாகக் கூழாகி ஒரே அழுகல் வாடை.

கூழாங்கல் ஏன் உதவவில்லை என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் படுக்கை வசத்தில் பிடியுங்கள், சொட்டுவது நிற்கும் வரை பொறுங்கள், பிறகு அதையே நெட்டாகத் திருப்பிப் பிடியுங்கள், மறுபடி தண்ணீர் ஒழுகும். மண்ணும் இப்படித்தான், அடியில் கொஞ்ச உயரத்துக்கு எப்போதும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே கல்லைப் போட்டால் அந்த ஈரப் பகுதி கல்லுக்கு மேலே ஏறி, வேர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது. ஆழமில்லாத தட்டில் வைத்தால் இன்னும் மோசம், மண்ணில் பாதி எப்போதும் ஈரமாகவே கிடக்கும். ஆகவே கல் வேண்டாம், ஓட்டைதான் வேண்டும்.

எனாமல் என்றால் ட்ரில் வைக்கும் இடத்தில் டேப் ஒட்டி, அடியில் மரக்கட்டை கொடுத்து, மெதுவாகச் சின்ன ஓட்டையில் தொடங்கிப் பெரிசாக்குங்கள். அலுமினியப் பானைக்கு ஆணியும் சுத்தியலும் போதும். பீங்கான் கப் என்றால் சாதாரண பிட் போட்டால் விரிசல் விட்டுவிடும், டைல்ஸ் போடுகிறவர்களிடம் இருக்கும் வைர முனை பிட் வாங்கி, தண்ணீர் சொட்ட விட்டபடி போடுங்கள், சுத்தியல் போல் அடிக்கும் பட்டனை மட்டும் தொடவே வேண்டாம். ஓட்டை போட மனசு வராத சாமானும் வீட்டில் இருக்கும், அதற்குள் ஓட்டையுள்ள சின்ன பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வையுங்கள், தண்ணீர் விடும்போது வெளியே எடுத்து வடிய வைத்துத் திரும்ப வையுங்கள்.

என்னிடம் இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஆயாவின் கரி இஸ்திரிப்பெட்டிதான். மூடியில் சேவல் வடிவக் கொக்கி, பக்கவாட்டில் காற்றுப் போக வட்ட வட்டமாக ஓட்டைகள். பின்பக்க ஓட்டை அடித்தட்டை ஒட்டியே இருப்பதால், முன் மூக்குக்குக் கீழே ஒரு கல்லைக் கொடுத்து உயர்த்தி வைத்திருக்கிறேன், விடுகிற தண்ணீர் பின்னால் ஓடிவிடும். மண் கொட்டாமல் இருக்க உள்ளே நிழல்வலைத் துண்டு ஒன்று. தொட்டி மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நர்சரியில் கிடைக்கும் வெள்ளை நுரைக்கல் மாதிரியான பெர்லைட் ஒரு பங்கு. கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வராதீர்கள், உப்பு. அதில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொடுத்த ஹவோர்த்தியா இருக்கிறது, அரம் மாதிரி வரிவரியாக மேடுபட்ட இலை, சுலு மக்கள் உமதிதிபாலா என்று மருந்துக்கு எடுக்கும் செடி. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்து மண்ணுக்கே உரியது, கோடை மழைக்குப் பழகினது, நிழலிலும் நன்றாக இருக்கும்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். டர்பனில் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை, பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆனால் படத்தில் நீங்கள் காட்டிய அந்தக் கூழாங்கல் மாதிரிச் சின்னச் செடிகள், கோனோஃபைட்டம், நாட்டின் வடமேற்கில் வறண்டு கிடக்கும் நமக்வாலாந்துப் பக்கத்துச் செடிகள். அங்கே பல இடங்களில் வருஷ மழை 200 மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது, அதுவும் குளிர்காலத்தில்தான். கோடையில் அது தூங்குகிற செடி. நம் ஊர்க் கோடை மழையில் வெளியே வைத்தால், எவ்வளவு அழகான டீ கப்பாக இருந்தாலும் போய்விடும்.

அந்தச் செடி எங்கிருந்து வருகிறது என்பதும் இருக்கிறது. 2019-க்குப் பிறகு, காட்டில் திருட்டுத்தனமாகத் தோண்டிய சக்குலன்ட் செடிகள் நம் தென்னாப்பிரிக்காவில் 10 லட்சத்துக்கு மேல் பிடிபட்டிருக்கின்றன, அதில் நிறைய இந்தக் கோனோஃபைட்டம்தான். சில வகைகள் ஒரே ஒரு குன்றில் மட்டும் வளர்பவை, அங்கே சுரண்டி எடுத்துவிட்டால் உலகத்திலேயே இல்லை. விதையிலிருந்து வளர்த்தது நர்சரியில் ஒரே அளவாக, சுத்தமான தோலோடு இருக்கும். வெயிலில் அடிபட்டு, ஒழுங்கற்ற கொத்தாக, வேர் பிய்ந்து வந்தால் வாங்காதீர்கள். மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நமக்குத்தான் வேறு செடிக்குப் பஞ்சமே இல்லையே. சின்னத் தடித்த இலை வைத்த நம் ஊர்ப் புதர்ச் செடி ஸ்பெக்பூம், அதில் ஒரு கிளை ஒடித்து, வெட்டின இடம் காயும்வரை சில நாள் நிழலில் போட்டு நட்டால் வந்துவிடும். முள் கள்ளிகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆப்பிரிக்காவில் இயற்கையாக இருக்கும் கள்ளி ரிப்சாலிஸ் ஒன்றுதான், அது நம் கரையோரக் காட்டு மரக்கிளைகளிலேயே தொங்குகிறது, முள்ளும் குத்தாது, பழைய வடிதட்டில் வைத்துத் தொங்கவிட அதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியவில்லை. சப்பாத்திக் கள்ளி இனத்தில் பலதை இங்கே சட்டப்படி வளர்க்கவே கூடாது, வெட்டின துண்டைக் காலி நிலத்தில் எறிந்தால் அங்கேயே வேர்விட்டுவிடும். அப்புறம் பென்சில் மாதிரி நிற்கும் திருகுகள்ளி, 1753-ல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அதற்கு வைத்த தாவரப் பெயரிலேயே மலபார்க் கரையில் மக்கள் சொன்ன பெயர் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மழைக்காலம் தொடங்கப் போகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்து ஆசையாக நட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காக இன்னொரு முறை இதைப் பற்றிப் போடுங்கள். அப்போது ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து, அடியையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்